மூன்றாவது முடிச்சில் நிற்கும் மெட்டு

தளவாய் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம், தன்னை நேரில் வந்து அழைக்காத வீட்டுக் கல்யாணத்துக்கு மெட்டுப் போடுவதில்லை. மூலைக்கரையில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால் கல்யாணம் நிச்சயமானதும் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தளவாயின் கடைக்கு வந்துவிடுவார்கள். அது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. உள்ளே கருகிப்போன மோட்டார்களுக்கு நடுவில் ஒரு மேசையின் மேல் கம்ப்யூட்டர் இருக்கும். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை அதன் முன்னால் நீட்டி, மானிட்டரின் நெற்றியில் குங்குமம் வைத்து, முன்னதாகவே வந்திருந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். சொல்லும்போது கண் வேறெங்கும் அலையக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் ‘சரி’ என்று வரும்.

ஒருமுறை தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் தன் கணக்கப்பிள்ளையிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார். திரை கறுப்பாகவே இருந்தது. முதலாளி காரை விட்டு இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் ‘சரி’ வந்தது. அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இருவரை அதைவிட அதிகம் கெஞ்ச வேண்டியிருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

மூலைக்கரையில் ஒரு தாலிக்கு ஒரு மெட்டு. வாசித்த மெட்டை மறுபடி வாசித்தால் முடிச்சு நிற்காது. முன்பு ஒருவர் சிக்கனம் பார்த்து, மூத்த மகன் கல்யாணத்து மெட்டையே இளையவனுக்கும் வாசிக்கச் சொன்னார். அவன் போட்ட முடிச்செல்லாம் போடப் போட அவிழ்ந்து விழுந்தன. அந்தப் பெண் எழுந்து போய் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். இன்னொரு முறையும் உண்டு. மெட்டு ஓயும்வரை மாப்பிள்ளை முடிச்சுப் போடுவதை நிறுத்தவோ நூலிலிருந்து கையை எடுக்கவோ கூடாது. மூன்றாவது முடிச்சு விழும்போது மெட்டு நிற்க வேண்டும். நின்றால் அட்சதை போடலாம், சாப்பிடப் போகலாம்.

முன்பெல்லாம் மெட்டுப் போட ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். மூன்றாவது முடிச்சில் சரியாக நிறுத்த அவர்களுக்கு எல்லாத் தடவையும் கைவராது. முந்தி நின்றுவிடும், அல்லது பிந்தி நிற்கும். தளவாயின் புரோகிராம் ஒருதடவைகூடப் பிசகவில்லை. ஆகவே அவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். ஒருவர் மாவு மில் வைத்து நன்றாக இருக்கிறார்.

தளவாயின் வலது கை ஈரக் கை. துடைத்தால் மறுபடி ஈரமாகும். விரல் நுனிகளில் தண்ணீர் திரண்டு நிற்கும், பிறகு சொட்டும். செம்புக் கம்பிக்கு ஈரம் ஆகாது என்பதால் அவர் இடது கையாலேயே காயில் சுற்றப் பழகிக்கொண்டார். வலது கையைத் தொங்கவிட்டு உட்காருகிற முக்காலிக்குக் கீழே ஒரு பெயிண்டு டின்னில் மண் போட்டு வைத்திருந்தார். அதில் பொன்னாங்கண்ணி செழிப்பாக வளர்ந்தது. பக்கத்து டீக்கடை ஈஸ்வரி அவ்வப்போது வந்து கிள்ளிக்கொண்டு போவாள். ‘அண்ணாச்சி, வெயில் காலத்துல கூட உங்க கோவத்துக்குக் கீரை தழையுதே’ என்பாள். தளவாய் காயிலிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அவர் அநாவசியமாகப் பேசுகிறவர் இல்லை.

அந்தக் கையை அவர் கழுவியது தங்கை உலகம்மாள் வீட்டில் பால் காய்ச்சிய அன்று. உலகம்மாளும் அவள் புருஷன் சங்கரபாண்டியும் சொந்தமாக வீடு கட்டினார்கள். ஆழ்குழாய்க்கு மோட்டார் மாட்டிக் கொடுத்தது தளவாய்தான். பால் பொங்கி, பூஜை முடிந்து, பந்தியில் இலை விழுந்தது. தளவாய், தான் மாட்டிய மோட்டார் ஏற்றிய தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு பந்தலோரம் நின்றார். சங்கரபாண்டி பேங்க் மேனேஜரைக் கைப்பிடித்து அழைத்துப் போனான். வார்டு மெம்பரை அழைத்தான். கொத்தனாரை அழைத்தான். டைல்ஸ் பதித்தவரைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனான். தளவாயை யாரும் அழைக்கவில்லை. பந்தி நிறைந்தது, எழுந்தது, மறுபந்தி நிறைந்தது. இலைகளை எடுத்து வெளியே போட்ட பிறகு தளவாய் வீட்டுக்கு நடந்தார். நடந்து போகும்போது கை காய்ந்துவிடும் என்று நினைத்தார். காயவில்லை.

‘நம்ம வீட்டு ஆளை யாராச்சும் தனியாக் கூப்புடுவாங்களா’ என்று சங்கரபாண்டி பிறகு யாரிடமோ சொன்னானாம். அது தளவாயின் காதுக்கு வந்தபோது கையிலிருந்து கூடுதலாகச் சொட்டியது. அன்றிலிருந்து தங்கை வீட்டுப் பேச்சு நின்றுபோனது. கூப்பிடாமல் இனி யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை, முதலில் உலகம்மாள் வந்து கூப்பிட வேண்டும், அதுவரை எந்தக் கல்யாண இலையிலும் உட்காருவதில்லை என்று அவர் முடிவு செய்தார்.

அவர் அந்தப் புரோகிராமை எழுதத் தொடங்கியதும் அந்த வாரத்தில்தான். தளவாய் ஐந்தாம் வகுப்பு. ஆனால் புரோகிராம் அவருக்குப் புரியாத விஷயமாக இல்லை. இத்தனை சுற்று சுற்று, பிறகு திரும்பு, முதல் இடத்தைப் பார், மறுபடி சுற்று. காயில் கட்டுவதும் அதுதான். பழைய இரும்புக் கடையில் கிடந்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சரிசெய்து, காயிலின் சுற்றுகளை அது எண்ணிக்கொள்ளட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தார். அது எண்ணும்போது ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. சத்தம் மெட்டாக இருந்தது. தளவாய் அதை அப்படியே விட்டுவிட்டார்.

உட்கார்ந்த உடனே மனதில் வேறெதுவும் இல்லாததால் அவர் முதல் வரியாக இதைத்தான் எழுதினார்: ‘உலகம்மாள் வீட்டில் தளவாயைச் சாப்பிடக் கூப்பிட்டார்களா என்று பார். கூப்பிடவில்லை என்றால் நில்.’ மற்ற வரிகளெல்லாம் அதன் மேல் கட்டியவை. புரோகிராம் ஒரு சுற்றுக்கு ஒரு முடிச்சாக மூன்று சுற்றுப் போய்வரும். பிறகு திரும்பி முதல் வரியைப் பார்க்கும். இன்னும் கூப்பிடவில்லை என்று கண்டு நின்றுவிடும். மூலைக்கரையில் நடந்த எல்லாக் கல்யாணத்து மெட்டும் அந்த இடத்தில்தான் முடிந்தது. அப்படி ஒரு வரியின் மேல் எழும்பியதால்தான் புரோகிராமுக்கு மரியாதை பார்க்கிற குணம் வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

கல்யாணத்தன்று தளவாய் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். அதை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் திரையில் ஸ்வரங்கள் ஓடும். நாதஸ்வரக்காரர் குழந்தைவேல் எதிரே உட்கார்ந்து பார்த்து வாசிப்பார். முடிந்ததும் பந்தியில் கம்ப்யூட்டருக்கு இலை போட்டுப் பரிமாறுவார்கள். போதும் என்று திரையில் வந்ததும் தளவாய் இலையை மூடுவார். பிறகு கடைக்கு வந்து, தூக்குவாளியில் இருக்கும் மோர்ச்சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் உலகம்மாள் மகள் ஆவுடைச்செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது.

தளவாய்க்கு அந்த ஒரு மருமகள்தான். சின்ன வயதில் கடைக்கு வந்தால் அவளுக்குச் செம்புக் கம்பியில் வளையல் முறுக்கிப் போடுவார். பேச்சு நின்ற பிறகு தெருவில் கண்டால் அவள் சைக்கிளை விட்டு இறங்கி, அவரைத் தாண்டும்வரை உருட்டிக்கொண்டு போவாள். பேச மாட்டாள். அவரும் பேச மாட்டார். ஆனால் அவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் முறைக்கு எடுக்க வேண்டிய பட்டுச் சேலையை அவர் எப்போதோ எடுத்துவிட்டார். காயிலுக்கு இடையில் வைக்கிற மஞ்சள் காகிதத்தில் சுற்றி, ஈரம் படாத இடமாகப் பார்த்து இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். மாமன் மாலை போட்டு மணமேடைக்கு அழைத்துப் போகாமல் பெண் எழுந்து வர முடியாது. ஆகையால் இப்போது உலகம்மாள் வந்தே ஆக வேண்டும். தளவாய் கடையைப் பெருக்கி, முக்காலியைத் துடைத்து வைத்தார். அவள் கூப்பிட்டதும் உடனே சரி சொல்லிவிடக் கூடாது, டைல்ஸ் பதித்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

உலகம்மாள் வந்தாள். சங்கரபாண்டி பின்னால் தட்டோடு வந்தான். இருவரும் தளவாயைத் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டரின் முன்னால் நின்றார்கள்.

‘அண்ணே, செல்விக்குக் கல்யாணம் வச்சிருக்கு’ என்றாள் உலகம்மாள். ‘முன்னாடியே வந்திருந்து நீங்கதான் நடத்திக் கொடுக்கணும்.’

திரையில், பால் காய்ச்சிய அன்று சாப்பிடக் கூப்பிட்டீர்களா என்று வந்தது.

‘நம்ம வீட்டு ஆளைத் தனியாக் கூப்புடணுமா மச்சான்?’ என்றான் சங்கரபாண்டி. திரை அணைந்தது. உலகம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ‘தப்புதாண்ணே’ என்றாள். ‘நீ கை கழுவிட்டு நின்னதை அடுப்படி ஜன்னல் வழியாப் பாத்தேன். வந்து கூப்புடுவோம்னு கரண்டியக் கீழ வச்சேன். அதுக்குள்ள யாரோ சாம்பார் கேட்டாங்க. கொடுத்துட்டு வந்து பாத்தா நீ இல்ல. அப்புறம் எந்த மொகத்தோட வர?’

தளவாய் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னலில் இருந்து பார்த்தது அவருக்குப் புதுச் செய்தி. இத்தனை காலம் கேட்க வேண்டும் என்று காத்திருந்த சொற்கள் எல்லாம் அந்தச் சின்னக் கடையில் அவர் காதுபடச் சொல்லப்பட்டன. ஆனால் அவை அவரைப் பார்த்துச் சொல்லப்படவில்லை. கீரையின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திரையில் ‘சரி’ என்று வந்தது. அடுத்து, தாய்மாமனாக நிற்பது யார் என்று வந்தது. நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று உலகம்மாள் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் ‘சரி’ வந்தது. அவள் மானிட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, வந்த மாதிரியே தளவாயைத் தாண்டிப் போனாள். அவளுக்கும் அவருக்கும் பேச்சில்லை அல்லவா.

அவர்கள் போன பிறகு தளவாய் எழுந்து போய்ப் புரோகிராமைத் திறந்து பார்த்தார். முதல் வரி இருந்த இடம் காலியாக இருந்தது. புரோகிராமுக்கு இனி மனத்தாங்கல் இல்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். காயிலின் கடைசிக் கம்பியை முடிந்து வைக்கவில்லை என்றால் என்ன ஆகுமோ அது ஆகும். மூன்று சுற்று முடிந்து திரும்பி வந்து பார்க்கையில், நிற்கச் சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. மெட்டு நான்காவது சுற்றுக்குப் போகும். அதற்குப் பிறகும் போகும். வரியைத் திரும்ப எழுதினால் சரியாகிவிடும். ஆனால் அந்த வரி இப்போது அவரிடம் மட்டும்தான் இருந்தது. முதலில் எழுதியபோது அவரிடமும் மிச்சம் இருந்தது, இந்த முறை எழுதிக் கொடுத்துவிட்டால் அவரிடம் இருக்காது. அவர் புரோகிராமை மூடினார். யாரும் தன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டார்.

ஈஸ்வரி டீ கொண்டுவந்து வைத்தாள். ‘உங்க பெட்டிக்கு மாமன் மொறை கெடச்சிருக்காமே, அண்ணாச்சி. அப்போ நீங்க யாரு?’

‘தூக்கிட்டுப் போற ஆளு’ என்றார் தளவாய்.

கல்யாணத்தன்று அவர் அப்படித்தான் போனார். கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அலமாரியைத் திறந்து, மஞ்சள் காகிதத்தைப் பிரித்து, பட்டுச் சேலையை எடுத்துக் கம்ப்யூட்டரின் மேல் வைத்தார். மாமன் வெறுங்கையோடு போகக் கூடாது. மண்டப வாசலில் மேளத்தோடு எதிர்கொண்டு அழைத்தார்கள். மானிட்டருக்குத் தலைப்பாகை கட்டி மாலை போட்டார்கள். சங்கரபாண்டி அதன் காலைக் கழுவி, மேடையில் மாமனுக்குப் போட்ட நாற்காலியில் உட்கார வைத்தான். செல்விக்கு மாலை போட வேண்டிய நேரத்தில், கம்ப்யூட்டர் மாலை போட்டதாகத் திரையில் வந்தது. அவள் கழுத்தில் மாலை இருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மாமன் எடுத்த பட்டின் நிறத்தைப் பலரும் பாராட்டினார்கள். தளவாய் ஒரு தூணருகே நின்றுகொண்டார். காலடியில் தண்ணீர் தேங்கியதால் மண்டபத்துக்காரர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டார்.

முகூர்த்தம் வந்தது. திரையில் ஸ்வரங்கள் ஓடத் தொடங்கின. குழந்தைவேல் நாதஸ்வரத்தை எடுத்தார். அதுவரை போட்டதிலேயே அது நல்ல மெட்டு. அதில் யார் மேலும் வருத்தம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வீட்டு ஆட்களைத் தேடிப் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாவதைப் போட்டான். மூன்றாவதைப் போட்டான். எல்லோரும் அட்சதையை ஓங்கினார்கள். மெட்டு நிற்கவில்லை.

மாப்பிள்ளை நான்காவது முடிச்சைப் போட்டான். மெட்டு ஓயும்வரை கையை எடுக்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். ஐந்தாவதைப் போட்டான். ஓங்கிய கைகளை யாரும் இறக்கவில்லை. நாத்தனார் பிடித்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்கள். குழந்தைவேலின் கன்னம் வெளுத்துவிட்டது. திரையில் ஸ்வரம் வந்துகொண்டே இருந்தது. முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதில் நூல் குறுகியது. செல்வி முதலில் முகவாயை உயர்த்தினாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்தாள். தாலி அவள் தொண்டைக் குழிக்கு வந்துவிட்டது.

‘இன்னும் நாலு முடிச்சுக்குத்தான் நூல் வரும்’ என்று புரோகிதர் நிதானமாகச் சொன்னார்.

சங்கரபாண்டி கம்ப்யூட்டரின் முன்னால் விழுந்து கும்பிட்டான். அது அவனுக்கு ஆசி சொல்லிவிட்டு மெட்டைத் தொடர்ந்தது. செல்வி சாய்ந்த தலையோடு தூணைப் பார்த்தாள். தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது பார்க்கிற பார்வைதான் அது.

உலகம்மாளும் தூணைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே தளவாயை நோக்கி வந்தாள். எதிரில் வந்து நின்றாள். ‘அண்ணே’ என்றாள். இந்த முறை அது அவருக்குத்தான். ‘சாப்பிட’ என்று அடுத்த சொல்லுக்கு அவள் வாயைத் திறந்ததை அவர் பார்த்தார்.

தளவாய் ஈரக் கையை உயர்த்தினார்.

‘பொறு உலகு. இப்பக் கூப்புடாத.’

அவள் கூப்பிட்டுவிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும். பொய்யான வரிக்கு மெட்டு நிற்காது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தளவாய் சாக்கை விட்டு இறங்கி, மேடையேறி, மாமன் நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். வலது கையாலேயே எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் தண்ணீர் கீபோர்டின் மேல் விழுந்தது. உலகம்மாள் வீட்டில் என்று எழுதியபோது பேங்க் மேனேஜரின் முகம் அவருக்கு மறந்துபோனது. தளவாயை என்று எழுதியபோது கொத்தனார் போனார். சாப்பிட என்கிற இடத்தில் டைல்ஸ் பதித்தவர் மிச்சம் இருந்தார், அவர் தோளில் இருந்த கையும் இருந்தது. பின்னால் ஒரு முடிச்சு விழும் சத்தம் கேட்டது. இன்னொன்றும் கேட்டது. தளவாய் கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் எழுதி, கடைசிப் புள்ளியை வைத்தார்.

புரோகிராம் ஒரு சுற்று முடித்துத் திரும்பியது. முதல் வரியைப் பார்த்தது. கூப்பிடவில்லை. நின்றது.

குழந்தைவேல் நாதஸ்வரத்தை மடியில் இறக்கினார். மாப்பிள்ளை கையை எடுத்தான். அட்சதை மொத்தமாக வந்து விழுந்தது. கையில் வெகுநேரம் இருந்ததால் அது உதிரியாக விழாமல் உருண்டைகளாக விழுந்தது. செல்வி மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். அதற்குச் சரியாக நூலில் இடம் இருந்தது.

தளவாய் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அது காய்ந்திருந்தது. தோல் வெளுத்து, கோடைக்காலத்துக் குளம்போல வெடித்திருந்தது.

உலகம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். ‘இப்பக் கூப்புடலாமாண்ணே?’ என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். ‘சாப்பிட வா’ என்றாள்.

கேட்க வேண்டியவை நிறைய இருந்ததாக அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. சட்டைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ‘சரி’ என்றார்.

முதல் பந்தியில் சங்கரபாண்டி அவரைக் கைப்பிடித்து உட்கார வைத்தான். உலகம்மாளே சாம்பார் ஊற்றினாள். நடுவில் யார் யாரோ சாம்பார் கேட்டார்கள், அவள் நகரவில்லை. செல்வி மாலையோடு வந்து நின்று, ‘மாமா, இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க’ என்றாள். தளவாய் வெறுங்கையால் சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மூடினார்.

கை கழுவித் துடைத்துக்கொண்டு மேடைப் பக்கம் வந்தபோது கம்ப்யூட்டர் மாமன் நாற்காலியிலேயே இருந்தது. அதற்கு இலை போடவில்லை. தலைப்பாகை நனைந்திருந்தது. மானிட்டரின் விளிம்பில் தண்ணீர் திரண்டு நின்று, நாற்காலியின் கால் வழியாக இறங்கியது. தளவாய் துண்டால் துடைத்தார். மறுபடி ஈரமானது.

சங்கரபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே பார்த்தான். ‘நம்ம வீட்டு ஆளு மச்சான். அதைப் போயித் தனியாக் கூப்புடணுமா?’ என்றான்.

தளவாய் அதை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். மறுநாள் காலையில் ஒரு வீட்டார் தட்டோடு வந்து முறைப்படி அழைத்தார்கள். திரையில் கொஞ்சம் தாமதமாக ‘சரி’ வந்தது. அவர்கள் போன பிறகு தளவாய் தன் முக்காலிக்குக் கீழே இருந்த பெயிண்டு டின்னை எடுத்து, மானிட்டருக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தார். இரண்டு கையாலும் காயில் சுற்ற உட்கார்ந்தார். மத்தியானம் ஈஸ்வரி வந்தாள். டின் இருந்த பழைய இடத்தைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போய்க் குனிந்து, வேண்டிய மட்டும் கிள்ளிக்கொண்டாள்.